எலினாவுக்கு ஒரு சைக்கிள் ஒப்படைப்பு விழா

அந்த நீலச் சைக்கிளைத் தரையில் நிறுத்தினால் யாராவது ஏறி ஓட்டிவிடுவார்கள் என்று சுவரில் இரண்டு கொக்கி அடித்து மாட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு. கீழே ஓர் அட்டை: 'காலணியைக் கழற்றிவிட்டுப் பார்க்கவும்.'

எலினா மாடிப்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"தொடக்கூடாது," என்றார் செயலாளர் காளிராஜ், எழுதிக்கொண்டிருந்த நோட்டிலிருந்து நிமிராமல்.

"தொடலை அண்ணாச்சி. பாக்கேன்."

"எம்புட்டு நேரம் பாக்கப் போறே?"

எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம் போலத்தான் இருந்தது. கடாக் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில், விரல் தடிமனுக்கு டயர், ஒற்றைக் கையால் தூக்கிவிடலாம் என்கிற மாதிரி உடம்பு. இப்படி ஒரு ரேஸ் சைக்கிள் இல்லாதவர்களைப் போட்டிக் கோட்டுக்குப் பக்கத்தில்கூட விடமாட்டார்கள். இன்னும் மூன்று வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் மாவட்டத் தேர்வு. முதல் நான்கு பேருக்கு அணியில் இடம். இடம் கிடைத்தால் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்கு மனுப் போடலாம். இந்த வருஷம் விட்டால் எலினாவுக்கு அணிக்கான வயது தாண்டிவிடும்.

புதுச் சைக்கிள் என்ன விலை என்று கேட்ட அன்று எலினா ராத்திரிச் சாப்பாட்டை மறந்துபோனாள். டியூஷன் எடுத்துச் சேர்த்ததெல்லாம் அதன் இரண்டு சக்கரத்துக்கே காணாது. அப்போதுதான் கல்லூரி வாட்ஸ்அப்பில் 'மேற்குமலைச் சாலைச் சைக்கிள் பேரவை'யின் அறிவிப்பு வந்தது. வருஷத்துக்கு ஒரு மாணவருக்கு, உறுப்பினர் ஒருவரின் பழைய ரேஸ் சைக்கிள், பன்னிரண்டாயிரத்துக்கு. ராஜபாளையத்தில் ஒரு பேக்கரிக்கு மேலே மாடியில் அலுவலகம். கல்லூரி விட்டதும் நேராக வந்துவிட்டாள்.

காளிராஜ் நோட்டை மூடினார்.

"சைக்கிள் இல்லாச் சான்று இருக்கா?"

"அப்படின்னா?"

"உனக்குச் சைக்கிள் இல்லைங்கிறதுக்குச் சான்று. இருக்கிறவங்களுக்குக் குடுத்துட்டா இல்லாதவங்களுக்கு யாரு பதில் சொல்றது? கீழ நிக்கிற லேடீஸ் சைக்கிள் யாரோடது?"

"எங்க அம்மாவோடது."

"நீதான ஓட்டிட்டு வந்தே?"

"ஆமா, அண்ணாச்சி. ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து தெனமும் அதுலதான் வாரேன்."

"அப்ப சைக்கிள் ஓட்டத் தெரியும்."

"தெரியும்."

"அதுக்குச் சான்று?"

எலினா ஜன்னல் வழியாகக் கீழே நின்ற சைக்கிளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். "வந்துட்டேன்ல அண்ணாச்சி?"

"வந்துட்டேங்கிறது சான்று ஆகாது பாப்பா. எப்படி வந்தேங்கிறதுக்குத்தான் சான்று."

மறுநாள் எலினா சபைப் போதகரிடம் எழுதி வாங்கி வந்தாள். 'இந்தப் பிள்ளைக்குச் சொந்தச் சைக்கிள் இல்லை. ஆனால் நன்றாக ஓட்டும். பஸ் வராத ஞாயிற்றுக்கிழமையிலும் ஆராதனைக்கு முதல் ஆளாக வந்து நிற்பதிலிருந்து அறிந்துகொண்டேன்' என்று அவர் எழுதியிருந்தார். காளிராஜ் அதை இரண்டு முறை படித்துவிட்டு, "நல்ல தமிழ்," என்று கோப்பில் வைத்துக் கட்டினார். அவளுடைய டியூஷன் பணம் பன்னிரண்டாயிரத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டார்.

அடுத்தது உடல் அளவு. ஆளுக்குத் தக்கபடி சீட்டு உயரம் வைக்க வேண்டும் என்பது உண்மைதான், எலினாவே யூடியூபில் பார்த்திருக்கிறாள். பேரவையின் தொழில்நுட்ப ஆலோசகர் மலைச்சாமி ஒரு டேப்போடும் மஞ்சள் அட்டை போட்ட புத்தகத்தோடும் வந்தார். முப்பது வருஷமாக ஊரில் வீடு கட்டுகிறவர்களுக்கு மனையடி பார்த்துச் சொல்கிறவர். அளவு என்றால் அவரை விட்டால் யார் என்று பேரவை ஒருமனதாக நியமித்திருந்தது.

சுவரோடு நிற்க வைத்து அளந்தார். புத்தகத்தைப் புரட்டினார். முகம் சுருங்கியது.

"பெடல்ல இருந்து சீட்டுக்கு இருவத்தஞ்சு அங்குலம் வருது. ஆகாது."

"ஏன் மாமா? எனக்கு அதுதான சரியா இருக்கும்?"

"இருவத்தஞ்சு வச்சா வீட்டுக்காரிக்கு ஆகாது."

"எனக்கு வீட்டுக்காரியே கிடையாதே."

"அப்ப சைக்கிளுக்கு ஆகாது. இருவத்தெட்டு வச்சுக்குவோம். தெய்வ கடாட்சம்."

"மாமா, மூணு அங்குலம் கூட வச்சா கால் எட்டாது. நாங்க வேற வேதக்காரவுக."

"அளவுக்கு மதம் கிடையாதும்மா. கால் எட்டலைன்னா பழகிக்கிடணும். கால் பழகும், மனை பழகாது." சீட்டை இருபத்தெட்டுக்கு உயர்த்தி, திருகாணியின் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டினார். 'அளவு மாற்றக்கூடாது. பே.ஆ.'

எலினா போகிற வழியில் சைக்கிள் கடையில் திருகாணி கழற்றுகிற ஓர் அலன் கீ வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

பயனாளி ஒரு கூட்டுப் பயணத்திலாவது கலந்துகொள்ள வேண்டும் என்று அடுத்த விதி. போட்டிக்கு முந்தின ஞாயிறு, அய்யனார் கோவிலுக்கு. விடிந்ததும் விடியாததுமாக எலினா அம்மாவின் சைக்கிளோடு பேக்கரி வாசலில் போய் நின்றாள். உறுப்பினர்கள் ஏழு பேரும் உடம்போடு ஒட்டின கால்சட்டை போட்டு, அதன் மேல் வேட்டி கட்டியிருந்தார்கள். ஊருக்குள் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், ஊர் தாண்டியதும் அவிழ்த்துக்கொள்ளலாம் என்று காளிராஜ் விளக்கினார். ஏழு சைக்கிளும் நான்கு கார்களின் தலையில் ஏறியிருந்தன.

"சைக்கிள் கார்லயா வருது?" என்றாள் எலினா.

தலைவர் சுப்புராஜ் அவளை இரக்கத்தோடு பார்த்தார். ஒரு மில்லும் இரண்டு மாந்தோப்பும் உள்ளவர். "பாப்பா, மூணு லட்ச ரூபாய் சைக்கிள். இந்த ரோட்டுல போட்டு ஓட்டுறதா? கோயிலுக்கு இருநூறு அடி முன்னால எறக்குவோம். அங்கதான் ரோடு நல்லாருக்கு." போன் அடித்தது. "ஒஸ்தானு, ஒஸ்தானு," என்று, வந்துவிடுகிறேன் என்பதைத் தெலுங்கில் வீட்டுக்குச் சொல்லி வைத்தார். "நீ உன் சைக்கிள்லயே வந்துரு. அப்படியே இதையும் கொண்டு வா."

அந்தப் போனையும் உள்ளே போட்டு ஒரு மஞ்சப்பையை நீட்டினார். உள்ளே ஏழு செல்போன்.

"என்ன சார் இது?"

"அதுல ஒரு ஆப் இருக்கு, தானா கிலோமீட்டரைப் பிடிக்கும். மாசம் முன்னூறு கிலோமீட்டர் ஓட்டலைன்னா உறுப்பினர் தகுதி போயிரும். விதி கடுமையா இருக்கணும்னு நானே போட்ட விதி."

"கார்ல வச்சாலும் பிடிக்குமே சார்?"

"வச்சுப் பாத்தோம். போன மாசம் மணிக்கு எம்பது கிலோமீட்டர்னு காட்டிருச்சு. மாநிலக் கூட்டமைப்புல இருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வந்துருச்சு. ரொம்பச் சங்கடமாப் போச்சு."

எலினா பையைக் கேரியரில் வைத்துக் கட்டினாள். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏழு போனும் சேர்ந்து ஒரு பொம்பளைக் குரலில் இங்கிலீஷில் பாராட்டின. மாந்தோப்பு ஓரமாக ஆடு பத்திக்கொண்டு போன ஒரு அம்மாள் நின்றுவிட்டாள்.

"ஏத்தா, மஞ்சப்பைக்குள்ள யாரு பேசுதா?"

"பேரவை பேசுது, ஆச்சி."

"வெளிய விடு, பாவம். மூச்சு முட்டிரும்."

கோவிலில் போய்ச் சேர்ந்தபோது உறுப்பினர்கள் படம் எடுத்து முடித்துப் பூரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சுப்புராஜ் தன் போனை வாங்கிப் பார்த்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல தூரம். இன்னைக்கு காலு கழண்டு போச்சு. உனக்கு வலிக்கலையா பாப்பா?"

"இல்ல சார்."

"பழக்கமில்லாதவங்களுக்கு மொதல்ல தெரியாது. நாளைக்குத் தெரியும்."

"சார், சைக்கிள் எப்ப கிடைக்கும்? அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்குப் போட்டி."

"ஒப்படைப்பு விழாவே அன்னைக்குத்தான். சிறப்பு விருந்தினர் அந்தத் தேதிதான் குடுத்துருக்காரு. காலைல ஆறு மணிக்கு விழா, ஆறேகாலுக்கு சைக்கிள் உன் கையில."

"சனிக்கிழமையே குடுத்துட்டா ஒரு நாளாவது ஓட்டிப் பாப்பேன் சார்."

காளிராஜ் பூரியைக் கீழே வைத்தார். "சனிக்கிழமையே குடுத்துட்டா ஞாயித்துக்கிழமை எதை ஒப்படைக்க?"

பால்கோவாக் கடையில் பெட்டி கட்டிவிட்டு வந்த எலினாவின் அம்மா தேவகிருபையிடம் இதைச் சொன்னபோது அவள் முகம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, விழா எடுக்கிறவுக எந்த ஊருல கால்மணி நேரத்துல முடிச்சிருக்காக?"

"வேற என்னம்மா செய்ய?"

"நானும் வாரேன். எடுக்க வேண்டியதை எடுத்துட்டு வருவோம்."

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குப் பேக்கரி முன்னால் பந்தல் போட்டு, மைக் கட்டி, நாற்பது நாற்காலி போட்டிருந்தது. நீலச் சைக்கிள் மேடையில் நின்றது. ஹேண்டிலில் ரோஜா மாலை, சீட்டில் பொன்னாடை, இரண்டு சக்கரத்துக்கும் கீழே ஆளுக்கொரு எலுமிச்சம்பழம். தேவகிருபை முன்வரிசையில் உட்கார்ந்து, "நல்ல பழம்," என்றாள் பக்கத்து நாற்காலியிடம். அதில் யாரும் இல்லை.

ஆறேகாலுக்குத் தலைமையுரை தொடங்கியது.

"இந்த வண்டியை ஏழு வருசமா என் வீட்டுல வச்சிருந்தேன்," என்றார் சுப்புராஜ். "ஒரு நாள்கூட ஏறுனதில்லை. எதுக்கு? பொருள் மேல மரியாதை. ஓட்டுனாத் தேஞ்சு போகும். இந்த ஊருல சைக்கிள் வளரணும்னு பாடுபடுற ஒரே அமைப்பு நம்ம பேரவை. ஆனா ஒரு வருத்தம். இப்ப ரோட்டுல சைக்கிள்காரங்க தொந்தரவு தாங்க முடியலை. காலைல காரை எடுத்துட்டு வரவே முடியலை. இதுக்கு ஒரு முடிவு கட்டணும்."

கைதட்டினார்கள். எலினா மணியைப் பார்த்தாள். ஆறு நாற்பது. மேடையோரம் நின்ற காளிராஜிடம் போனாள்.

"அண்ணாச்சி, ஏழே முக்காலுக்கு நான் அங்க பேர் குடுக்கணும்."

"சிறப்பு விருந்தினர் இன்னும் வரலையே பாப்பா."

"அவிய எங்க இருக்காக?"

"வாக்கிங்."

அவர் ஏழு மணிக்கு வந்தார். சுந்தரபாண்டியன், ஓய்வுபெற்ற பொறியாளர், தலையில் குளிர் குல்லா. நேரத்தின் அருமையைப் பற்றிப் பேசினார்.

"நான் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிள்ல போனவன். எதிர்க்காத்து, முதுகுல வேர்வை, பாதி வழியில செயின் கழலும். அந்தச் சைக்கிள்தான் எனக்கு ஒரு வெறியைக் குடுத்துச்சு. படிச்சு, வேலைக்குப் போயி, கார் வாங்கணும்னு. இன்னைக்கு ரெண்டு கார் நிக்கி. அதனால, இந்தப் பிள்ளையும் இந்தச் சைக்கிளை ஓட்டி ஓட்டி, கூடிய சீக்கிரம் சைக்கிளே வேண்டாங்கிற நெலமைக்கு வரணும்னு வாழ்த்துறேன்."

பிறகு பொன்னாடை. சிறப்பு விருந்தினருக்குத் தலைவர் போட்டார். தலைவருக்கு மலைச்சாமி போட்டார். மலைச்சாமிக்குக் காளிராஜ் போட்டார். காளிராஜுக்குப் போட ஆள் மிச்சமில்லாமல், அவர் தலைவரிடமே போய்க் குனிந்து நின்றார். ஏழே கால்.

"இப்பொழுது கொடியசைப்பு," என்றார் காளிராஜ் மைக்கில். மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு எலினாவிடம், "பத்தடி ஓட்டிக் காட்டு. கேமராவைப் பாத்துச் சிரி. திரும்பி வந்து மேடையில ஏத்தி நிப்பாட்டிரு. பொறவு நன்றியுரை. முடிஞ்ச பொறவுதான் சைக்கிள் உன்னோடது. அதுவரைக்கும் பேரவையோடது, பாத்துக்கோ."

"நன்றியுரை எவ்வளவு நேரம் அண்ணாச்சி?"

காளிராஜ் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்தார். மடிப்பைப் பிரித்தார். இன்னொரு மடிப்பு இருந்தது. அதையும் பிரித்தார்.

"செத்த நேரந்தான்."

சைக்கிளை மேடையிலிருந்து ரோட்டுக்கு இறக்கி, எலுமிச்சம்பழத்தைத் திரும்பவும் சக்கரத்துக்குக் கீழே வைத்தார்கள். சுந்தரபாண்டியன் கொடியை அசைத்தார். எலினா ஏறினாள். இரண்டு எலுமிச்சம்பழமும் நசுங்கின. சீட்டு உயரத்தில் கால் நுனியால்தான் பெடலைத் துழாவ முடிந்தது. பத்தடி. கேமராக்காரர், "இங்க பாரும்மா," என்றார். பார்த்தாள். திரும்ப வேண்டிய இடத்தில் ஹேண்டிலை லேசாகச் சாய்த்தாள்.

முன்வரிசையிலிருந்து தேவகிருபை, பிள்ளைக்குச் சோறு போடட்டுமா என்று கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஏட்டி. திரும்பாத."

எலினா திரும்பவில்லை.

பின்னால் மைக்கில் "பயனாளி, பயனாளி" என்று கேட்டது. ஒரு முக்குத் திரும்பியதும் அதுவும் நின்றது. ஊர் எல்லையில் பூட்டியிருந்த ஒரு கடை வாசலில் இறங்கி, 'அளவு மாற்றக்கூடாது' காகிதத்தைக் கிழித்து, அலன் கீயைப் போட்டுச் சீட்டை மூன்று அங்குலம் இறக்கினாள். அப்புறம் ஏறி மிதித்தபோதுதான் தெரிந்தது சைக்கிள் என்றால் என்ன என்று. ஒரு மிதிக்கு அம்மாவின் சைக்கிள் கொடுக்கிற தூரத்தை இது கேட்காமலே இரண்டு மடங்காகக் கொடுத்தது. மில் சுவர், தென்னந்தோப்பு, கண்மாய், எல்லாம் பின்னால் பின்னால் போயின. டீக்கடையில் நின்ற ஒருவர் மாலையைப் பார்த்துவிட்டுச் சத்தம் கொடுத்தார்.

"தாயி, எந்தக் கோயில் சைக்கிள்?"

"கோயிலோடது இல்லண்ணே. என்னோடது."

சொல்லி முடித்த பிறகுதான் உதட்டில் காற்றுப் பட்டுச் சிரிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் வத்திராயிருப்பு ரோட்டில் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பதின்மூன்று பெண்கள் நின்றார்கள். தேர்வு நடத்திய உடற்கல்வி ஆசிரியர் பாண்டிதுரை கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு நாற்பத்திரண்டு.

"எங்கேருந்து வாரே?"

"ராஜபாளையத்துல இருந்து சார்."

"பன்னண்டு கிலோமீட்டர் ஓட்டிட்டா போட்டிக்கு வாரே? அதுவும் மாலையோட? மாலையை ஜெயிச்ச பொறவுதான போடுவாங்க."

"குடுக்கும்போதே போட்டுட்டாக சார்."

"கழட்டிட்டு வந்து நில்லு. பத்து கிலோமீட்டர் போயித் திரும்பணும். எட்டு மணிக்கு விசில்."

எட்டு மணிக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது நான்கு கார்கள் வந்து நின்றன. பந்தலைப் பிரித்து, மைக் செட்டைக் கழற்றி, பேனரைச் சுருட்டி ஏற்றிக்கொண்டு வர இவ்வளவு நேரம் ஆகியிருந்தது. முதல் காரின் முன்சீட்டிலிருந்து தேவகிருபை இறங்கினாள். கையில் கேசரிப் பொட்டலம். பின்னாலேயே காளிராஜ் ஓடிவந்தார்.

"எறங்கு பாப்பா. விழா முடியலை. நன்றியுரை வாசிக்காம பயனாளி ஏறக்கூடாது. விதி பதினேழு."

"அண்ணாச்சி, நன்றி. எல்லாருக்கும் நன்றி. முடிஞ்சுதா?"

"நன்றியைப் பயனாளி சொல்லக்கூடாது. செயலாளர் சொல்லணும்."

பாண்டிதுரை குறுக்கே வந்தார். "யாருய்யா நீங்க?"

சுப்புராஜ் முன்னால் வந்து துண்டுப் பிரசுரம் ஒன்றைக் கொடுத்தார். "சைக்கிள் வளர்ச்சிக்குப் பாடுபடுறவங்க."

"அப்படின்னா கோட்டை விட்டுத் தள்ளி நின்னு பாடுபடுங்க. சைக்கிள் போகணும்."

"சார், ரெண்டே நிமிசம்," என்றார் காளிராஜ். கார் பேட்டரியில் மைக்கைச் சொருகியாயிற்று. காகிதத்தை விரித்தார். "பேரன்புமிக்க தலைவர் அவர்களே, காலை நடைப்பயிற்சியையும் பாராமல் வருகை தந்த—"

விசில் ஊதியது. பதினான்கு சைக்கிளும் போயின. அவர் குனிந்து வாசித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

எலினா முதலில் ஒன்பதாவதாகத்தான் போனாள். வ. புதுப்பட்டிப் பெண் சண்முகத்தாய் எல்லாருக்கும் முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தாள். பாதி தூரம் போய்த் திரும்பியதும் எதிர்க்காற்று. முன்னால் போனவர்கள் ஒவ்வொருவராக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எதிர்க்காற்று எலினாவுக்குப் புதிதில்லை. தினமும் கனத்த லேடீஸ் சைக்கிளில், டிபன் பாக்ஸும் புத்தகமுமாகப் போய் வந்தவள். ஒருத்தியைத் தாண்டினாள். இன்னும் மூவரைத் தாண்டினாள். தொடை எரிந்தது. கடைசி இரண்டு கிலோமீட்டரில் ஐந்தாவது இடம். ஐந்து என்றால் ஒன்றும் இல்லை, அடுத்த வருஷமும் இல்லை. தலையைத் தாழ்த்தி, ஹேண்டிலின் கீழ்வளைவைப் பிடித்து, முன்னால் போகிற டயரை மட்டும் பார்த்துக்கொண்டு மிதித்தாள். அந்த டயர் பக்கத்தில் வந்தது. பிறகு காணாமல் போனது. அடுத்த டயரும் அப்படியே.

மூன்றாவதாகக் கோட்டைத் தாண்டினாள்.

பாண்டிதுரை பேரைச் சத்தமாகச் சொல்லி எழுதினார். தேவகிருபை முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். இரண்டு முறை துடைத்தாள். அப்புறம் கேசரியைப் பிரித்து வாயில் வைத்தாள்.

"வெறும் வயித்துல ஓட்டிருக்கே."

"நாலுக்குள்ள வந்துட்டேம்மா."

"பாத்தேன், பாத்தேன். முழுங்கு மொதல்ல."

சண்முகத்தாய் வந்து கையைக் கொடுத்தாள். "நல்ல சைக்கிள்க்கா. எப்ப வாங்கினீக?"

"அது ஒண்ணும் தெரியலை, தாயி," என்றாள் எலினா. "இன்னும் வாங்கிக்கிட்டு இருக்கேன்."

ரோட்டோரத்தில் சுப்புராஜும் சிறப்பு விருந்தினரும் காருக்குள் ஏசி போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மலைச்சாமி சுண்ணாம்புக் கோட்டை டேப் வைத்து அளந்துவிட்டு, நீளம் சரியில்லை என்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். காளிராஜின் குரல் கொஞ்சம் கம்மியிருந்தது.

"...சுவரில் கொக்கி அடித்துக் கொடுத்த நண்பருக்கும், அந்தக் கொக்கியைக் கழற்றிக் கொடுத்த அதே நண்பருக்கும், எலுமிச்சம்பழம் வழங்கிய தோட்டத்தாருக்கும், பொறுமையோடு காத்திருந்த பயனாளிக்கும் நன்றி கூறி நிறைவு செய்கிறேன்."

காகிதத்தை நான்காக மடித்துப் பையில் வைத்தார். தண்ணீர் குடித்தார். கூட்டத்தில் எலினாவைத் தேடிக் கண்டுபிடித்து, மைக்கைத் திரும்பவும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"பயனாளி இப்பொழுது வண்டியில் ஏறிக்கொள்ளலாம்."

தேவகிருபை கேசரிப் பொட்டலத்தை மடித்து இடுப்பில் சொருகினாள்.

"ஏறு ஏட்டி. அவிய சொல்லியாச்சுல்ல."